சார் சொல்லிட்டார்

என் கணவர் இறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய போன் என்னிடம்தான் இருக்கிறது. விடிந்ததும் விடியாததுமாக அது அடிக்க ஆரம்பித்துவிடும்.

அவர் எங்கள் வார்டின் கார்ப்பரேட்டராக, அதாவது கவுன்சிலராக, இருந்தவர். பதவிக்காலம் முடிந்தபோது, அடுத்த தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். வார்டைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். தேர்தலை மட்டும் வைத்தபாடில்லை. புது ஆள் வராததால் ஜனங்கள் பழைய ஆளையே தேடி வந்தார்கள். பதவி இல்லாவிட்டாலும் அவரும் சலிக்காமல் ஓடினார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் வாஷ்பேசின் அடியிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட அவகாசம் கொடுக்கவில்லை, பாவி மனுஷன்.

காரியம் முடிந்த மறுநாள் போன் அடித்தது. எங்கள் தெருக்களுக்குக் காவேரித் தண்ணீர் திறந்துவிடும் வால்வ்மேன். வேலைக்குப் புதிது, விஷயம் தெரியாது.

"சார் இல்லீங்களா?"

"சார் தூங்கறாரு. என்ன விஷயம், சொல்லு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனின் மத்தியானத் தூக்கத்துக்குக் காவல் இருந்த வாயிலிருந்து பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. எந்தத் தெருவுக்கு இன்றைக்குத் தண்ணீர் விடுவது என்று கேட்டான். ஜோகுபாளையம் பக்கம் நாலு நாளாகத் தண்ணீர் இல்லை என்று துணிக்கடையில் யாரோ புலம்பியது ஞாபகம் வந்தது. "அந்தப் பக்கம் விடச் சொன்னாரு" என்றேன். சாயங்காலம் அங்கே தண்ணீர் வந்துவிட்டது.

நானும் இதே ஊரில் வரி கட்டுகிறவள்தான். எங்கள் வீட்டெதிரே விளக்கு எரியவில்லை என்று என் பெயரில் ஒரு தடவை புகார் கொடுத்துப் பார்த்தேன். ஆப்பில் போடுங்கள் என்றார்கள், போட்டேன். வேலை முடிந்தது என்று மெசேஜ் வந்தது. நான் அந்த மெசேஜை இருட்டில் நின்று படித்தேன். வந்த ஆத்திரத்தில் அவர் போனை எடுத்து லைன்மேனைக் கூப்பிட்டு, "சார் சொல்லிட்டாரு, விளக்கு இன்னிக்கே எரியணுமாம்" என்றேன். எரிந்தது! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உயிரோடிருக்கிற நான் கேட்டால் நடக்காதது, செத்துப்போனவர் சொன்னால் நடக்கிறது. அன்றிலிருந்து நான் வெறும் வாய்தான், பேச்சு அவருடையது.

போன மழைக்காலத்துக்கு முன்னால், சந்துக் கோடி வீட்டு டீச்சர் வந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அவள் புருஷனுக்கு வாதம் வந்து படுத்த படுக்கை, பேச்சும் போய்விட்டது. அவர்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் பெரிய மோரி, சாக்கடைக் கால்வாய், போகிறது. மேலே ஆபீஸ் கட்டிடங்கள் எழும்பியபோது கொட்டிய மண்ணும் கல்லும் அதில் அடைத்துக்கொண்டு கிடந்தன. அதற்கு முந்தின வருஷ மழையில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிக் கட்டிலைத் தொட்டது. இவள் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கத்துவதற்கு அவருக்கு வாயில்லை.

"இன்னொரு மழை அவர் தாங்க மாட்டாருக்கா. சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

என் கணவரின் சாவுக்கு வந்து என்னைவிடச் சத்தமாக அழுதவள் இவள். "என்னடி பேசறே?" என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள். "சரி, சொல்றேன்" என்றேன்.

கார்ப்பரேஷன் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். கன்னடக்காரர், ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாக வரும். "அம்மாவ்ரே, மோரி தூர் எடுக்க ஜேசிபி வேணும். பெரிய வேலை. நீங்க சொல்லி நான் அனுப்பினா மேலே கேப்பாங்க. சாரே ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே மெஷின் வரும்."

வைத்துவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன், உல்சூர் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவர் போனில் குரல் மெசேஜ்கள் கிடந்தன. ஆள் டைப் அடிக்க மாட்டார், எல்லாம் வாயால்தான். இத்தனை நாளும் நான் அந்தப் பக்கமே போனதில்லை, பயம். அன்றைக்கு ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் தொண்டையைச் செருமிக்கொண்டு கன்னடத்தில், "நாளெ பெளிகெ மெஷின் களிசி. நானே பந்து நில்த்தீனி" என்கிறார். நாளைக் காலையில் மெஷின் அனுப்புங்கள், நானே வந்து நிற்கிறேன் என்று. யாருக்கு, எந்த வேலைக்கு என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. அதற்கும் பின்னால் ஒரு பொம்பளை கத்துகிறாள்: "சோறு ஆறிப்போவுது, போனை வெச்சுட்டு வந்து தொலையேன்!"

நான்தான். என் குரலேதான்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவரைவிட அந்தப் பொம்பளைதான் என்னைப் பயமுறுத்தினாள். புருஷன் இருக்கிற தைரியத்தில் எப்படிக் கத்துகிறாள்! பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையல் சத்தம் வருவதற்கு முன்பாகவே வெட்டத் தெரியாமல், முழுசாக அப்படியே இன்ஜினியருக்கு அனுப்பினேன்.

காலையில் ஜேசிபி வந்தது. சந்தே கூடி நின்றது. இன்ஜினியர் தலையில் ஹெல்மெட்டோடு மோரிக்கரையில் நின்றார். மெஷின் மண்ணும் கல்லும் பிளாஸ்டிக்குமாக வாரி வாரி வெளியே போட்டது. டீச்சர் தன் வீட்டு ஜன்னலைத் திறந்து, புருஷனை வேலை தெரிகிற மாதிரி திருப்பிப் படுக்க வைத்திருந்தாள். யாருமே சார் எங்கே என்று கேட்கவில்லை. அதுதான் என்னைத் தின்றது. நேராக இன்ஜினியரிடம் போனேன்.

"சாருக்கு உடம்பு சரியில்ல, அதான் வரல" என்றேன்.

அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அம்மா, நேத்து நீங்க அனுப்பினது, சார் அப்பவே எனக்கு அனுப்பினதுதான். என் போன்லயும் இருக்கு. சாவுக்கும் வந்திருந்தேன். பின்னாடி நின்னுட்டுப் போயிட்டேன்."

"அப்போ ஏன்யா இத்தனை நாளா…"

"யாராவது சொல்லணுமில்லீங்களா? நானா செஞ்சா, யார் சொன்னதுன்னு கேப்பாங்க. சார் சொன்னாருன்னு சொன்னா விட்டுடுவாங்க. மேல இருக்கறவங்களுக்கும் தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். வால்வ்மேன், டீச்சர், துணிக்கடைக்காரர், தினமும் எனக்குப் போன் செய்கிற அத்தனை பேரும் நின்றார்கள். ஊரை நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன், மக்கு. இவர்கள் எல்லாரும் சேர்ந்து என் புருஷனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வேறு ஆள் இல்லை அவர்களுக்கு. அவருக்காக நான் ஒரு நாள் நிம்மதியாக உட்கார்ந்து அழுததில்லை. அழ ஆரம்பித்தால் போன் அடிக்கும்.

"அப்போ நான் எப்பதாங்க அவரைச் சாக விடறது?" என்று கேட்டுவிட்டேன்.

இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எலக்‌ஷன் வரட்டும்மா" என்றார்.