ஐஸ்காரர் வீட்டில் மீன் கெடுமா?

எங்கள் வீட்டில் சனிக்கிழமை மீன் கிடையாது. புரட்டாசி மாதம் முழுக்கக் கிடையாது. மற்ற நாள்களில் மீன் இல்லாத சாப்பாடு கிடையாது. மலேசியாவில், மெர்சிங் என்ற மீன்பிடி ஊரில் நான் வளர்ந்த காலத்தில் வீட்டுச் சட்டம் இவ்வளவுதான். எனக்குச் சட்டங்கள் பிடிக்கும். ஒரு முறை சொன்னால் போதும், பிறகு யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான், எனக்குப் பத்து வயதான ஆண்டில் இவை எல்லாம் குழம்பிப்போனது இன்னும் நினைவிலிருக்கிறது.

அப்பா துறைமுகத்தில் ஐஸ் அரைப்பவர். ஆலையிலிருந்து சரிந்து வரும் ஐஸ் கட்டிகளை எந்திரத்துக்குள் தள்ளுவார். அவை தூளாகி, ஒரு பெரிய குழாய் வழியாகப் படகின் அடித்தளத்தில் போய் விழும். ஐஸ் ஏற்றாமல் எந்தப் படகும் ஆற்றுமுகத்தைத் தாண்டாது. படகுக்காரர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஹோய், ஐஸ்!" என்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

படகு கரை சேர்ந்ததும், முதலாளியான தவுக்கேயின் ஆள்கள் மீனை வகை பிரித்து எடை போடுவதற்கு முன்பே, வலை இழுத்தவர்கள் ஆளுக்கு ஒரு பை மீனை வீட்டுக் குழம்புக்கு எடுத்துக்கொள்வார்கள். அதற்கு லாவுக் என்று பெயர். கடலுக்குப் போனவனுக்குத்தான் லாவுக். போகாதவன் கேட்க மாட்டான், கொடுத்தாலும் வாங்க மாட்டான். ஆனால் கரையிலேயே நிற்கும் அப்பாவுக்கும் சில படகுகளிலிருந்து ஒரு பை வரும். அதற்கு அவர்கள் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். "உன் ஐஸும் எங்ககூடக் கடலுக்கு வந்துச்சுல்ல? அதோட பங்கு இது." இதெல்லாம் மலாயில் நடக்கும் பேச்சு. நான் தமிழில் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரரை நான் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவேன்; அவர் அந்தப் படகுகளில் ஒன்றில் வலை இழுத்தவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் வலை சுருட்டும் எந்திரத்தில் கயிற்றோடு அவருடைய இடக்கையும் மாட்டிக்கொண்டது. மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டு மீதியைத் தைத்து அனுப்பினார்கள். வீட்டில் நான்கு பிள்ளைகள். மாதச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. படகு பிடித்ததில் பங்குதான் வருமானம். படகில் ஏறாதவருக்குப் பங்கு இல்லை.

ஒரு மாலை, அவருடைய படகுக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஒரு பை மீனோடு வந்தார். பாக்சிக் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"நான் கடலுக்குப் போனேனா?"

"இல்ல, பாங். சும்மா பிள்ளைங்களுக்கு..."

"போகல. அப்ப இது யாரோட லாவுக்?"

வந்தவர் பையைப் படியில் வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். பாக்சிக் வலக்கையால் அதை எடுத்து மோட்டார் சைக்கிளின் கூடையில் வைத்து, அவர் முதுகில் தட்டி அனுப்பினார். சண்டை ஒன்றுமில்லை. எங்கள் சமையலறைச் சன்னலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் ஏதோ தீயும் வாசம் வந்த பிறகுதான் திரும்பினார்.

பிறகு புரட்டாசி பிறந்தது. வழக்கமாக முதல் நாளே அப்பா படகுகளில் சொல்லிவிடுவார். ஒரு மாதம் பை வராது. அந்த ஆண்டு சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, எப்போதும் ஒன்று வரும் இடத்தில் இரண்டு வந்தன. கெம்போங் என்னும் கானாங்கெளுத்தி, கணவாய், ஒரு நாள் முழங்கை நீளத்துக்கு ஒரு சிவப்பு மீன். அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப்போன ஒரு மத்தியானம் நானே பார்த்தேன். படகிலிருந்து ஒருவர் இரண்டு பைகளை நீட்டி, "ஐஸ், உன் பங்கு பெருத்துக்கிட்டே போகுது" என்றார்.

"என்ன செய்றது லா, என் ஐஸ் இந்த மாசம் ரொம்ப உழைக்குது" என்றார் அப்பா.

இருவரும் சிரித்தார்கள். ஐஸ் உழைக்காது, உருகத்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியும். மீன் சாப்பிடாத மாதத்தில் மீனை வாங்கிக் குவிக்கிறவரையும், கொடுக்கிறவர்களையும் சேர்த்தே விவரமில்லாதவர்கள் என்று முடிவுசெய்தேன்.

அந்தப் பைகளைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது என் வேலை. என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா மனப்பாடம் செய்ய வைத்தார். "எங்க வீட்டுல இந்த மாசம் விரதம். மீன் கெட்டுப் போயிடும். நீங்க எடுத்துக்கிட்டா எங்களுக்குப் பெரிய உதவி." முதல் நாள் பாக்சிக்கின் மனைவி மாக்சிக் பையைத் தொடாமல் உள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளிருந்து பாக்சிக் கேட்டார்.

"யாரோட லாவுக்?"

"அப்பாவோடது. ஐஸோடது."

பாக்சிக் மாக்சிக்கிடம், "வாங்கிக்க. வீணாப் போகக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் வேலிக்கு அந்தப்பக்கம் மீன் பொரியும் வாசம் வரும். இந்தப்பக்கம் முட்டைக்கோஸ். அம்மா சொல்லிக்கொடுத்த வசனத்தில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஐஸ்காரர் வீட்டில் மீன் எப்படிக் கெடும்? இன்று பாசிர் கூடாங்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பொறியாளராக இருக்கிறேன். ஒழுங்காக ஐஸ் போட்ட கெம்போங் ஒரு வாரம் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டே கொடுப்பேன். அன்றைய என் வாதத்தில் தவறில்லை.

புரட்டாசி முடிந்தது. பைகள் நிற்கவில்லை. மீனும் எங்கள் சட்டிக்கு வரவில்லை. கேட்டதற்கு, "வேண்டுதல் நீண்டுருக்கு" என்றார் அம்மா.

"எதுக்கு வேண்டுதல்?"

"பெருமாள் கேட்டா சொல்லிக்கிறேன். நீ கோஸைச் சாப்பிடு."

தட்டில் கோஸைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்த அப்பா, அவசரமாக ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தீபாவளியும் வந்தது. எங்கள் தெருவில் இருந்த மற்ற இரண்டு தமிழ் வீடுகளிலும் ஆட்டுக்கறி மணந்தது. எங்கள் வீட்டில் சாம்பார். பாக்சிக் குடும்பம் எப்போதும்போல விருந்துக்கு வந்தது. அவர் மடியில் தட்டை வைத்து, கட்டுப் போட்ட கையால் அது சரியாமல் அணைத்துக்கொண்டு வடை சாப்பிட்டார்.

"என்ன அடேக், தீபாவளியும் அதுவுமா மூஞ்சி இப்படி இருக்கு?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், நான் கொட்டிவிட்டேன்.

"விரதம் எல்லா வீட்டுலயும் எப்பவோ முடிஞ்சிருச்சு பாக்சிக். எங்க வீட்டுல மட்டும் முடியல. மீன் கெட்டுப் போயிடும்னு உங்ககிட்டக் கொடுக்கச் சொல்றாங்க. எப்படிக் கெடும்? மெர்சிங்குல இருக்கிற ஐஸெல்லாம் எங்க அப்பாகிட்டத்தானே இருக்கு!"

மாக்சிக்கின் கையில் முறுக்கு பாதியில் நின்றது. பலகாரத் தட்டோடு வந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டார். அப்பா மேலே சுற்றும் விசிறியில் ஏதோ பழுது தேடினார். பாக்சிக் அம்மாவைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ஒரு கணம் அவர் எழுந்து போய்விடுவார் என்று எனக்கே தோன்றியது.

"அலமாக்" என்று அவர் சிரித்தார். "பிள்ளை சரியாத்தான் கேக்குது. ஆனா அடேக், வேண்டுதல் உங்க அம்மாவோடது. எப்ப முடியும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அவசரப்படுத்தாத." தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "எனக்கும் அவசரந்தான்."

அம்மா அவருக்கு இன்னும் இரண்டு வடை வைத்தார். பாக்சிக் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அது துரோகமாகத் தெரிந்தது.

மறுநாள் நான் பையோடு போனபோது மாக்சிக் வரவில்லை, பாக்சிக்கே வாசலுக்கு வந்தார். கட்டைக் கழற்றிவிட்டு, பையின் முடிச்சை இடக்கையின் மூன்று விரல்களால் அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. அதற்கடுத்த நாளும் அதையே செய்தார். நான் உதவிக்குக் கையை நீட்டினால் பையைத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்தது. அவர் அதை மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தார். மீன் வெயிலில் இருக்கிறதே என்றுதான் எனக்குக் கவலை.

மழைக்காலத்துப் பெரிய அலைகள் தொடங்குவதற்கு முன், படகுகள் கடைசியாகப் போய்வரும் சமயம். சில நாள்கள் பாக்சிக்கை வாசலில் காணவில்லை. பிறகு ஒரு முற்பகல் அவரே எங்கள் வாசலில் வந்து நின்றார். முட்டிவரை ரப்பர் காலணி, சட்டையெல்லாம் டீசல் வாசம். இடக்கையில் ஒரு பை தொங்கியது. உள்ளே தெங்கிரி, நம் வஞ்சிர மீன்.

"இது என் லாவுக்" என்றார் அம்மாவிடம். "நான் போய்ப் பிடிச்சது. விரதம் முடிஞ்சிருச்சா?"

அம்மா பையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "முடிஞ்சிருச்சு" என்றார். "இன்னைக்குத்தான் முடிஞ்சது."

மத்தியானம் மீன் குழம்பு. அப்பா வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். தட்டின் முன் உட்கார்ந்ததும் நான் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தேன். சனிக்கிழமை. இன்னொரு முறை பார்த்தேன். சனிக்கிழமையேதான். சொல்ல வாயெடுத்தேன். அப்பா ஒரு பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். பெருமாள்தான் கிழமையை மறந்துவிட்டார் போலிருக்கிறது, நினைவுபடுத்தினால் நமக்குத்தான் நஷ்டம் என்று எண்ணிக்கொண்டு, முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, வாயைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.