தெருமுனையில் நின்ற கோதண்டம்

என் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தித்தான் கோதண்டம் எனக்கு அறிமுகமானார்.

"நீதான் அந்த பி.ஏ.வா?"

"பி.எஸ்ஸி." என்றேன். அந்த நிலையிலும் திருத்தாமல் இருக்க முடியவில்லை. திருத்தணிக்கு மேற்கே எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை யாராவது குறைத்துச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

"ஏதோ ஒண்ணு. எம் பொஞ்சாதிய எங்க இட்டுகினு போற? அங்க இன்னா கேக்க வுடுற?"

1993-ஆம் வருடம், அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே, நல்ல வெயிலில் இது நடந்தது. அவர் சட்டைப் பையில் திருமழிசை எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் அடையாள அட்டை இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் மனைவி வடிவு எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தார். பூந்தமல்லியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேச வேண்டும். பிரசவம் எங்கே, எப்படி நடந்தது, பிறகு ஜுரமோ வேறு தொற்றோ வந்ததா என்பது முதல் பகுதி. வீட்டில் அடி உதை உண்டா, இஷ்டமில்லாதபோது கணவன் வற்புறுத்தியது உண்டா என்பது கடைசிப் பகுதி. கேட்பவர்கள் பெண்கள். நான் மேற்பார்வை. கேட்டதை அலுவலகத்துக்கு வெளியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சத்தியம் போல வாங்கிக்கொள்வார்கள்.

கோதண்டத்தின் வயிற்றெரிச்சல் அந்தச் சத்தியத்தில்தான் ஆரம்பித்தது. மனைவி வேறு ஆணோடு பேசினாலே பொறுக்காத கணவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் வேறு மாதிரி. வடிவு பெண்களோடு பேசியதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. ஊர்ப் பெண்களின் கதையெல்லாம் தன் வீட்டுக்குள் வருகிறது, ஒன்றும் தன் காதுக்கு வரவில்லை. சோறு போடும்போது கேட்டுப் பார்த்தார், சண்டை போட்டுக் கேட்டுப் பார்த்தார். வடிவு, "சாப்ட்டியா? தட்ட கழுவு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வடிவு பத்தாவது வரை படித்தவர். அவர்மேல் எனக்கும் பொறாமை இருந்தது என்பதை மறைப்பானேன். பட்டம் வாங்கிய நான் மேற்பார்வைக்குப் போய் வாசலில் நின்று கேட்டால் "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கோம்" என்று பதில் வரும். வடிவு போனால் அந்தப் பெண்ணை முற்றத்தில் உட்காரவைத்து, பின்னால் தான் உட்கார்ந்து, தலையில் பேன் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பேன் பார்க்கும் இடத்துக்கு ஆண் எவனும் வர மாட்டான். மாமியாரும் சற்றுத் தள்ளியே உட்காருவாள். முகம் பார்க்காமல் பேசலாம். அழுதாலும் யாருக்கும் தெரியாது.

நைட் ஷிப்ட் வாரங்களில் கோதண்டம் பின்தொடர ஆரம்பித்தார். வடிவு போகும் தெருவின் முனையில் சைக்கிளைச் சாத்திவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்காருவார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு நாள் அப்படியே உட்கார்ந்து தூங்கிவிட்டார். டீக்கடைக்காரர்தான் எழுப்பினாராம்.

"அண்ணாத்தே, நீ காவல் காக்குற அம்மா பஸ் ஏறிப் போயி ரொம்ப நேரமாச்சு. ஊட்டுக்குப் போயி படு."

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நாகம்மா கதவைச் சாத்திய நாளில் அந்தச் சிரிப்பு நின்றது.

நாகம்மா அம்பத்தூரில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில் இருந்தவள். முதல் முறை போனபோது கையில் தீக்காயம். "இன்னிக்கி வேணாங்கா, அடுத்த வாரம் வா, சொல்றேன்" என்று வடிவிடம் சொல்லியிருந்தாள். அடுத்த வாரம் போனபோது கதவைப் பாதி திறந்து தெருமுனையைக் காட்டினாள்.

"அங்க குந்திகினு கீறது உன் ஊட்டுக்காருதானே? என் வாசலையே பாத்துகினு கீறாரு. அவரு நாலு பேராண்ட சொல்லி, அது எம் புருசன் காதுக்குப் போச்சுன்னா? போ கண்ணு. எனக்கு ஒரு கஸ்டமும் இல்ல."

கதவு மூடிக்கொண்டது.

ஆராய்ச்சியின் தலைவி டாக்டர் ஜெகதாம்பாள் அதிகம் பேசுபவர் அல்ல. என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆள் இன்னொரு தடவை தெருவில் தெரிந்தால் வடிவை அனுப்ப முடியாது. மற்ற பெண்கள் என்ன ஆவது? நீ போய்ப் பேசு" என்றார்.

வடிவிடம் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"வேலை போனா போவட்டும் தம்பி. ஆனா இந்தாளு பொறாமைக்காகப் போவக்கூடாது."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திருமழிசைப் பட்டறைக்குப் போனேன். கோதண்டம் தூக்குச்சட்டியை மூடிவைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"நான் வரல. ஆனா ஒண்ணு சொல்லு பி.ஏ. ஒரு பொம்பள சும்மா தன் கதைய சொல்லுவாளா? கொழாயடில பாத்துகீறேன். இவ ஒண்ணு சொன்னாத்தான் அவ ஒண்ணு சொல்லுவா. அப்ப எம் பொஞ்சாதி இத்தினி கதை வாங்கிகினு வராளே, பதிலுக்கு யார் கதைய குடுக்குறா?"

அவருடைய பயம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. வடிவு வீடு வீடாகப் போய்த் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறாள் என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அக்கா யார் கதையும் சொல்றதில்ல. கேக்குறதோட சரி."

"நீ சொல்லிட்டா ஆச்சா?"

அந்த மாதம் ஆண்களிடமும் கேட்பதாக ஏற்பாடு. அதற்கு நாங்கள் ஆண்கள் போக வேண்டும். போகும் முன் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டு ஒத்திகை பார்ப்பது வழக்கம். ஒத்திகைத் தாளை எழுதி முடித்ததும் கிழித்துவிடுவோம். அதை அவரிடம் சொன்னேன். உடனே நிமிர்ந்தார்.

"என்னாண்ட கேளு. இன்னாதான் கேக்குறீங்கன்னு நானும் பாக்குறேன். அப்பால தெருப்பக்கம் வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வடிவு பிள்ளைகளோடு பூந்தமல்லி சந்தைக்குப் போயிருந்தார். கோதண்டம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே ஒரு முக்காலியில். வயது, தொழில், பிள்ளைகள், வீட்டில் யாருக்காவது விடாத இருமல் உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. மனைவியின் பிரசவத்துக்குக் கூடப் போனது யார் என்று கேட்டபோது சக்கரத்தை நிறுத்தினார். கடைசிப் பகுதிக்கு வந்து, மனைவிக்கு இஷ்டமில்லாதபோது வற்புறுத்தியது உண்டா என்று கேட்டேன்.

கோதண்டம் சைக்கிளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத்த நீ வடிவாண்ட சொல்லுவியா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப எழுதிக்கோ. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா செவ்வாப்பேட்டைல எனக்கு இன்னொரு குடும்பம் கீது. ஒரு பொண்ணும் கீது."

எழுதினேன். அவர் கண் முன்னாலேயே தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதன்பிறகு இரண்டு மூன்று வாரம் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். வடிவு வழக்கம் போல எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்து எனக்கும் ஒரு பங்கு வைப்பார். நான் அதைப் பிசைந்துகொண்டே இருப்பேன். "இன்னா தம்பி, காரமா?" என்பார். இந்தப் பெண்ணைப் போய் ஒருவன் இப்படி ஏமாற்றுகிறானே என்று மனம் கொதிக்கும். கூடவே கேவலமான ஒரு பொறாமையும். எனக்கு மூன்று வருடமாகப் பெண் பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஓடு போடவில்லை என்று இரண்டு இடம் தட்டிப்போனது. இத்தனை படித்த எனக்கு ஒன்று அமையவில்லை, எண்ணெய்க் கறை போகாத இந்த மனிதருக்கு இரண்டா! சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். நாகம்மாவின் கதவு நினைவுக்கு வந்ததும் தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொள்வேன்.

"எங்க ஊட்டுக்காரு தெருப்பக்கம் வரதில்ல" என்றார் வடிவு ஒரு நாள். "ஆனா ஊட்ல என் மூஞ்சியவே பாத்துகினு கீறாரு. சோறு போட்டா பாக்குறாரு, பொடவை மடிச்சா பாக்குறாரு. இன்னாத்துக்குன்னே தெரியல."

எனக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு மாலை, பூந்தமல்லி பஸ் நிலையத்தில் கோதண்டம் என் முன்னால் வந்து நின்றார். இந்த முறை ஹேண்டில்பாரைப் பிடிக்கவில்லை.

"நீ சொல்லலையா?"

"எதை?"

"செவ்வாப்பேட்ட."

"சொல்ல மாட்டேன்னு சொன்னேனே."

"அட நைனா!" தலையில் கைவைத்துக்கொண்டார். "அது பொய்யி. செவ்வாப்பேட்டைல எனக்கு ஒரு டீக்கடைகூடத் தெரியாது. நீ சொல்லுவ, அவ துடப்பத்த தூக்குவா, அப்ப உங்க சத்தியம் இன்னான்னு தெரிஞ்சுடும்னு பாத்துகினே இருந்தேன். ஒண்ணும் நடக்கல. அவ பாட்டுக்கு மோர் ஊத்துறா."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அவர் கீழே குனிந்து என் சைக்கிள் பெடலைக் கையால் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

"நெசத்த சொல்றேன். அன்னிக்கி நீ கேட்டதுக்கு."

வடிவுக்கு இரண்டாவது பெண் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. "பச்ச ஒடம்புக்காரி. வேணாம் வேணாம்னு கையெடுத்து கும்புட்டா. நான் கேக்கல." பிறகு வடிவுக்குக் குளிர் ஜுரம் கண்டு, ஜன்னியாகி, நினைவு தப்பி, பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். பிழைத்தது பெரிய விஷயம். அங்கே டாக்டர் எப்படி வந்தது என்று கேட்டபோது வடிவு இவரைப் பார்த்துவிட்டு, "மழைல நனைஞ்சேன்" என்று சொன்னாராம். அன்று வடிவு சொல்லாமல் விட்டது என்றாவது வெளியே வந்துவிடும் என்று கோதண்டம் ஆறு வருடமாகப் பயந்து வாழ்ந்திருக்கிறார். மனைவிக்குப் பிரசவத்தையும் ஜுரத்தையும் பற்றியே பேசுகிற வேலை கிடைத்தது என்றதும், அந்தக் கதைதான் தெருத்தெருவாகப் போகிறது என்று முடிவுகட்டிவிட்டார்.

"அவ எங்கயும் சொல்லலன்னு இப்பத்தான் தெரிது" என்றார். "உன்ன மாதிரி ஆளே சொல்லல. அவ சொல்லுவாளா?"

"என்கிட்ட சொன்னது சரி. அக்காகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை வடிவு அலுவலகத்துக்கு வந்ததும் வராததுமாக என் மேஜை முன்னால் நின்றார். கண் வீங்கியிருந்தது.

"நேத்து ஊட்டுக்கு வந்து சொல்றாரு. தப்புதான்னு சொல்றாரு. உங்கையிலதான் மொதல்ல சொன்னாராமே?"

தலையை ஆட்டினேன்.

"ஒடம்பு என்னுது. ஜன்னி வந்தது எனக்கு. ஆறு வருசமா அதே ஊட்ல அதே பாயில கீறேன். நேத்து வந்த நீ, உன் காதுக்குத்தான் மொதல்ல வருதா?" அந்தக் குரலில் இருந்தது பச்சைப் பொறாமை. கோதண்டத்திடம் நான் பார்த்த அதே பொறாமை. அதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது.

"மன்னிச்சுட்டியான்னு கேட்டாரு. இல்லன்னு சொல்லிட்டேன். பாப்போம். மன்னிச்சா நானே சொல்றேன், அதுவரைக்கும் கேக்காதன்னுட்டேன்."

"ஆஸ்பத்திரியில ஏங்கா சொல்லல?"

"அன்னிக்கி பயத்துல வாய மூடிகினேன் தம்பி. கைக்கொழந்தைய வச்சிகினு எங்க போறது? இப்ப மூடிகினு கீறது பயத்துல இல்ல." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "நாகம்மா ஊட்டுக்குப் போறேன்."

தெருமுனையில் யாரும் இல்லாமல் பல தடவை போய் வந்த பிறகு நாகம்மா கதவைத் திறந்தாள். சீப்பை அவளே எடுத்துவந்து கொடுத்தாளாம். என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போக டாக்டர் ஜெகதாம்பாள் ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார் என்பது மட்டும் தெரியும்.

கோதண்டத்தின் பொறாமை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். என் கல்யாணத்துக்கு வந்தபோது, வடிவு என் மனைவியின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்ததைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னா சொல்றா பி.ஏ.?"

"தெரியாதுண்ணே."

"உனுக்கும் சொல்ல மாட்டாளா?"

"அக்கா சொல்ல மாட்டாங்க."

"அப்ப சரி" என்று பந்திக்குப் போய் உட்கார்ந்தார்.

இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். கோதண்டம், "எழுது, ஊர்ல நாலு பேரு படிக்கட்டும்" என்றார். வடிவு படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

இப்போது 1999. வடிவு ஆவடியில் பிரசவமான பெண்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரும் வேலையில் இருக்கிறார். கோதண்டம் அதே திருமழிசைப் பட்டறையில், பகல் ஷிப்டில் இருக்கிறார். இருவரும் சென்னீர்குப்பத்தில் அதே வீட்டில் வசிக்கிறார்கள். மன்னித்ததாக வடிவு இதுவரை சொல்லவில்லை.