கிணற்றுக்குள் இரண்டு பேர்

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு அச்சடித்த அட்டையில் 'குடும்பத்தையே உயிராக நினைத்தவர், கடற்படைப் பொறியாளர்' என்று போட்டிருந்தான் என் தம்பி. இரண்டும் சரியான தகவல்கள். நான் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சரியான தகவல்களை மட்டும் வைத்து ஓர் அறிக்கையை எப்படி எழுதி முடிக்கலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

அட்டையைப் பார்த்த உறவினர்கள் வழக்கம்போலக் கிணற்றுக் கதையை எடுத்தார்கள். அப்பா உயிரோடு இருந்தவரை யாராவது அதை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். மாடி மின்விசிறி சத்தம் போடுகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். அடக்கமான மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அன்று எழுந்து போக அவர் இல்லாததால் கதை முழுசாக நடந்தது. கேட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன்.

குடும்பத்தை உயிராக நினைத்தார் என்பதற்கு என்னிடமே சாட்சி உண்டு. வருடத்தில் பத்து மாதம் அவர் கப்பலின் இன்ஜின் அறையில் இருப்பார். அம்மா எங்கள் பாதங்களைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து கடிதத்தோடு அனுப்புவாள். விடுமுறையில் வரும்போது அந்த அளவுக்குச் செருப்பு வாங்கி வருவார். இடைப்பட்ட மாதங்களில் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அவரே ஒரு கணக்குப் போட்டு, அதற்கும் இடம் விட்டிருப்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. வந்த அன்றே தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவார், எங்கள் நகங்களை வெட்டிவிடுவார், அம்மாவைச் சமையலறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு உப்புமா கிண்டுவார்.

எனக்கு ஏழு வயதான கோடையில் நாங்கள் அம்மாவின் ஊரில் இருந்தோம். பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். இப்போது அங்கே கார் உதிரிபாகம் செய்கிறார்கள். கிணறு இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. அப்போது சுற்றிலும் கேழ்வரகு, நடுவில் மாமாவின் பெரிய கிணறு. மாமா அம்மாவுக்குத் தம்பி. அந்த வருடம் தண்ணீர் ரொம்பக் கீழே போய்விட்டது. மேலே இருக்கும் ஆயில் இன்ஜின் அவ்வளவு ஆழத்திலிருந்து உறிஞ்சாது. ஆகவே அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்ததையே மாமாவும் செய்தார். கிணற்றுக்குள் இருபத்தைந்து அடியில் இருந்த திட்டின் மேல் இன்ஜினை இறக்கி வைத்தார்.

அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "மச்சான், பொகக்கொழாய மேல வரைக்கும் நீட்டி வுடணும். இல்லன்னா பொக உள்ளயே நிக்கும்" என்றார்.

"இது இன்னா கப்பலா மாமா? மேல பாருங்க, வானம் தெரியுது. ஓட்டை இல்லாத எடத்துலதான் நீங்க பயப்படணும்" என்றார் மாமா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மறுநாள் காஞ்சிபுரம் போய்க் குழாய் வாங்கி வருவதாகச் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே இன்ஜினை ஓட்டினார்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்றது. என்னவென்று பார்க்க, பம்பைக் கவனித்துக்கொண்டிருந்த வேலையாள் இறங்கினார். சட்டையைக் கழற்றிப் பம்புக் கொட்டகையில் மாட்டிவிட்டுப் போனார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவர். மேலிருந்து கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. மாமா எட்டிப் பார்த்தார். திட்டில் அவர் படுத்திருப்பது தெரிந்தது. ஓடிப்போய்த் தூக்கலாம் என்று மாமாவும் இறங்கினார். கீழே போனதும் தலை சுற்றி, தடுமாறி நாலு எட்டு வைத்து இன்ஜினைப் பிடித்தவர் அப்படியே சரிந்தார்.

சத்தம் கேட்டு அப்பா ஓடினார். பின்னாலேயே அம்மாவும் நானும். பக்கத்து நிலத்துக்காரர் ஏற்கெனவே ஒரு காலைப் படிக்கல்லில் வைத்திருந்தார். அப்பா அவர் கைலியைப் பிடித்து வெளியே இழுத்துத் தரையில் தள்ளினார். அப்பா ஒருவரைத் தள்ளி நான் பார்த்தது அன்றுதான்.

"யாரும் எறங்கக்கூடாது."

"வெளக்கு வுட்டுப் பாத்துட்டேன் சார். எரியுது பாருங்க" என்றார் அவர். கயிற்றில் கட்டிய அரிக்கேன் விளக்கு கிணற்றுக்குள் ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அதுதான் சோதனை. விளக்கு அணைந்தால் காற்று கெட்டுவிட்டது, எரிந்தால் இறங்கலாம்.

"எரியும். இன்ஜின் பொகைல வெளக்கு எரியும், மனுசன் செத்துடுவான்."

யாரும் நம்பவில்லை. விளக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அப்பா சொன்னது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர், "பயமா இருந்தா ஒதுங்கி நில்லுங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு வேப்பங்கிளையை ஒடிக்கச் சொல்லிக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் மேலும் கீழுமாக இழுக்க வைத்தார். இன்னும் இரண்டு பேரைத் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக உள்ளே வீசச் சொன்னார். காற்றைக் கலக்குவதற்கு அங்கே அதைவிட வேறு வழி இருக்கவில்லை.

அம்மா கிணற்றை நோக்கிப் பாய்ந்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் வளையல்கள் நொறுங்கி ரத்தம் வந்தது.

"எந்தம்பி உள்ள செத்துக்கினு கீறான். நீங்க மரக்கிளைய ஆட்டிக்கினு கீறீங்க. வுடுங்க என்ன."

அப்பா விடவில்லை. மற்றொரு கையால் கிளை இழுப்பவர்களுக்கு 'இன்னும் வேகமா' என்று சைகை காட்டினார். நான் அழுதேன். மாமாவுக்காக அழுதேனா, அம்மா கையில் வழிந்த ரத்தத்துக்காகவா என்று இப்போது சொல்ல முடியாது. அப்பாவின் மேல் கோபம் வந்தது மட்டும் நினைவிருக்கிறது. பின்னாளில், காப்பாற்றப் போய்ச் செத்தவர்களின் கோப்புகளை நான் வரிசையாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே கழிவுநீர்த் தொட்டியில் முதல் ஆள், அவரைத் தூக்கப் போனவர், அந்த இரண்டு பேரையும் தூக்கப் போனவர். அனுமதிச் சீட்டு எல்லாக் கோப்பிலும் இருக்கும், எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டிருக்கும். இறங்குவதற்கு முன்னால் நிரப்ப வேண்டிய காகிதம் அது. மை மட்டும் புதிதாக இருக்கும்.

அம்மாவை இரண்டு பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு அப்பா ஒரு கயிற்றைத் தன் மார்பில் கட்டினார். இன்னொன்றின் நுனியில் சுருக்குப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டார். ஆறு பேரைக் கயிறு பிடிக்க நிறுத்தினார்.

"நான் மூச்சப் பிடிச்சுனு போறேன். அறுபது எண்ணினதும் ரெண்டு கயித்தையும் இழுங்க. நான் அசைஞ்சாலும் இழுங்க, அசையலன்னாலும் இழுங்க. கயிறு அறுந்து நான் உள்ள நின்னுட்டா, ஒருத்தரும் வரக்கூடாது."

பிறகு என்னைப் பார்த்தார். "கண்ணு, நீ எண்ணு. சத்தமா. கடிகாரம் பாத்து சொல்லிக் குடுத்தேனே, அந்த மாதிரி."

பதற்றத்தில் பெரியவர்கள் வேகமாக எண்ணிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார். நான் கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். கயிறு பிடித்தவர்கள் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றதால் அவர்களுக்குக் கயிறு மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்களை அப்பா விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தார். உள்ளே நடந்ததைப் பார்த்தது நான் ஒருத்தி மட்டும்.

பதினைந்தில் அப்பா திட்டில் கால் வைத்தார். வேலையாள் படிக்கற்களுக்குக் கீழேயே, கால்மாட்டில் கிடந்தார். மாமா அந்தப் பக்கம் இன்ஜினை ஒட்டிக் கிடந்தார். அப்பா வேலையாளைக் குனிந்து பார்த்தார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பிறகு அவரைத் தாண்டிக் காலை வைத்து அந்தப் பக்கம் போனார். மாமாவின் தோளுக்குக் கீழே சுருக்கை மாட்டும்போது நான் ஐம்பத்திரண்டில் இருந்தேன். அறுபதில் இழுத்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு விதி உண்டு. கைக்கு முதலில் எட்டுகிறவரை முதலில் தூக்க வேண்டும். யார் எவர் என்று பார்க்கக் கூடாது. பயிற்சி வகுப்புகளில் நான் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்த விதி. எனக்கு முன்னால் அப்பா கடற்படையில் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதியும் அதுதான் என்று அவருடைய பழைய நோட்டுப் புத்தகத்தில் பின்னால் பார்த்தேன்.

மாமாவை வேப்பமரத்தடியில் போட்டார்கள். சிறிது நேரத்தில் வாந்தி எடுத்துக் கண் விழித்தார். அப்பா மல்லாந்து கிடந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி மடங்கியது. அதற்குள் வேலையாளின் மனைவி ஓடி வந்து கூட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டாள். அப்பா அவளைப் பார்த்தார். மூச்சு சரியாவதற்குள்ளேயே மறுபடி கயிற்றைக் கட்டச் சொன்னார். நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

வேலையாளை மேலே கொண்டு வந்ததும் அப்பா அவர் வாயில் தன் வாயை வைத்து ஊதினார். மார்பை அழுத்தினார். போதும் சார், போயிடுச்சு என்று ஒருவர் சொன்ன பிறகும், வெயில் வேப்பமரத்தடிக்கு நகர்ந்து வரும்வரை ஊதிக்கொண்டே இருந்தார். முதல் தடவையிலேயே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா? ஸ்ரீபெரும்புதூரில் செய்த பிரேதப் பரிசோதனையில் காரணம்தான் எழுதினார்கள். எத்தனை மணிக்கு உயிர் போனது என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் எழுதவில்லை.

வேலையாளின் காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். அன்று வீடு நிறைய ஆட்கள். அம்மா கட்டுப் போட்ட கையோடு எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். மச்சானுக்காக உயிரையே பணயம் வைத்தவர் என்று ஆளுக்கு ஒரு தரம் சொன்னார்கள். தரையில் தள்ளப்பட்ட பக்கத்து நிலத்துக்காரர், "நம்மள இன்னா தள்ளு தள்ளினாரு தெரிமா? இடுப்பு இன்னும் வலிக்குது. ஆனா தள்ளலன்னா இன்னிக்கு எனக்குப் படையலு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அவன் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது வேலையாளின் மனைவி தன் அண்ணனோடு வாசலில் வந்து நின்றாள். கொட்டகையில் மாட்டியிருந்த சட்டையை வாங்கிப் போக வந்திருந்தாள். அம்மா உள்ளே போய் அதைத் துவைத்து மடித்து வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பிறகும் அவள் போகவில்லை.

"சார், நீங்கதான் உள்ள போயிப் பாத்தீங்க. அவரு எங்க கெடந்தாரு?"

அப்பா தம்பியை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார். எனக்குப் பதில் தெரியும். இத்தனை பேர் அப்பாவைப் புகழ்ந்தார்களே, அவர் செய்ததிலேயே பெரிய விஷயத்தை ஒருவரும் சொல்லவில்லையே என்று காலையிலிருந்து எனக்கு ஒரு குறை இருந்தது.

"படியாண்டயே கெடந்தாரு. எங்க அப்பா அவரத் தாண்டிப் போயி, அந்தாண்ட இருந்த மாமாவத் தூக்கினு வந்தாரு" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றார் அப்பா.

அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி அப்படியே நின்றாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் கையை விலக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.