கீளும் கிள்ளும்

மைசூர் நர்சரியில் அது என் நான்காவது நாள். கல்யாணமாகி சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான். எட்டாவதோடு நின்ற படிப்பு. கன்னடம் பாதி புரியும். மீதியை நானே தமிழாக்கிக்கொள்வேன்.

அறுபது தொட்டி செவந்தி. நிழல்வலைக்கு அடியில் ஒல்லியாக, நெட்டுக்கு நின்றது. மேஸ்திரி சிவண்ணா கை காட்டினார்: "ஈ சாலு பூர்த்தி கீளம்மா."

இந்த வரிசை முழுக்கக் கிள்ளச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் செவந்திக்கு நுனி கிள்ளினால்தான் பக்கக்கிளை வெடிக்கும். தப்பு வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு நுனியையும் இரண்டு முறை தொட்டுப் பார்த்துக் கிள்ளினேன்.

மத்தியானம் குண்டலுபேட்டையிலிருந்து செண்டுமல்லி நாற்று டெம்போவில் வந்து இறங்கியது. அதை நடுவதற்குத்தான் அந்தத் தொட்டிகள். கன்னடத்தில் கீளு என்றால் பிடுங்கு. சிவண்ணாவிடம் ஓடினேன்.

"வேலையை விட்டு நிறுத்திராதீங்கண்ணா. கிள்ளுன்னு நெனச்சுட்டனுங்க."

சிவண்ணா தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கூட வேலை செய்த ராஜம்மாக்கா இடையில் வந்தாள். "நல்லவேளை, நீங்க 'கடி'ன்னு சொல்லல அண்ணா. வரிசையா கடிச்சு வச்சிருப்பா."

கடி என்றால் அங்கே வெட்டு. சிவண்ணாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்றுக்குப் பழைய தொட்டிகளைத் தேடி எடுத்தோம். கிள்ளிய செடிகளை விட்டுவைத்தார். ஆனால் கெடு வைத்தார்: "ஹதினைது தின. சிகுரு பரலில்லா அந்த்ரே நீனே கீளு. நாளெயிந்த பர்பேடா."

பதினைந்து நாள். துளிர் வராவிட்டால் செடியும் போகும், வேலையும் போகும். தினமும் காலையில் பையை வைக்கும் முன்பே போய்ப் பார்ப்பேன். ஆறாம் நாள் ஒன்றுமில்லை. எட்டாம் நாளும் இல்லை. "பாத்துப் பாத்தே அது கூச்சப்படுது, போடி" என்றாள் ராஜம்மாக்கா. பதினோராம் நாள் இலைக்கணுவில் அரிசி அளவுக்குப் பச்சை.

ஒன்பது தொட்டி பட்டுப்போனது. மற்றவை பரந்து, தசரா சமயத்தில் இலை தெரியாமல் மஞ்சளாகப் பூத்தன. வண்டியில் ஏற்றும்போது சிவண்ணா டிரைவரிடம், "உஷாரு. இது தமிழல்லி பெளெத செவந்திகெ" என்றார். தமிழில் வளர்ந்த செவந்தியாம்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாத சொல்லால் கெடுதல் வராது, கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லைத்தான் கேட்க வேண்டும். விரலால் செய்து காட்டச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எல்லாச் செடியும் திரும்பத் துளிர்க்காது.