சிவப்பு மருந்துக்குப் பிறகு என் நிரை

மார்பில் வந்த புற்றுநோய்க்குக் கண்டியில் ஏற்றிய சிவப்பு மருந்து சித்திரைக்கு முன்பே முடிந்துவிட்டது. வைகாசியில் தலைமுடி முளைத்தது. ஆவணியில் மறுபடி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போனேன். எதையும் மாதம் தேதியோடு நினைவில் வைப்பது என் பழக்கம். மூச்சு வாங்கத் தொடங்கிய நாளை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

காரணம், எனக்கு இரு பக்கத்துச் செடி வரிசைகளிலும் நிரை பிடித்த பெண்கள். ஏற்றத்தில் நான் நின்றுவிட்டால், தங்கள் நிரையை முடித்துக்கொண்டு என் நிரைக்குள் இறங்கிவிடுவார்கள். பிடி பிடியாகக் கொழுந்து என் கூடையில் விழும்.

"சும்மா படுத்துக் கெடந்த ஒடம்பு, மலை ஏறுன்னா ஏறுமா?" என்பார் இடப்பக்கத்து அக்கா. "ராணி மாதிரி நில்லுங்க. கங்காணி வந்தா மட்டும் கைய ஆட்டுங்க."

எல்லோரும் சிரிப்போம். சாயங்காலம் நிறுவையில் என் கொழுந்து குறையாது. முழு நாள் வேலை செய்ததாக முழுப் பேர் விழும்.

கிளினிக்கில் டாக்டர், வேலை செய்ய முடிகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். தினமும் முழுப் பேர் போடுகிறார்கள் என்றேன், பெருமையாக. அவர் தலையசைத்து அனுப்பிவிட்டார். அடுத்த முறை கால் வீக்கத்தோடு போனபோதுதான் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள்.

புற்றுநோய் உயிர்க்கலங்களைக் கொன்ற மருந்து இதயத் தசையின் உயிர்க்கலங்களையும் கெடுத்திருந்தது. செத்த தசைக்குப் பதிலாகப் புதிது வளர்வது அநேகமாக இல்லை என்று நூலகப் புத்தகமொன்றில் படித்தேன். முடியைப் போல அது முளைக்காது.

டாக்டர் மாத்திரை எழுதினார். ஏற்றம் கூடாது என்றார். எவ்வளவு வேலையில் மூச்சு வாங்குகிறது என்று நான் சரியாகச் சொன்னால்தான், மிஞ்சிய இதயத்தை மாத்திரை காப்பாற்றுகிறதா என்று தெரியுமாம்.

கங்காணி சமதரையான கீழ்மலையில் நிரை கொடுத்தார். பழைய பெண்களே பக்கத்தில். அக்காவின் கை என் கூடைப் பக்கம் வந்தது.

"இனிமே போடாதீங்கக்கா."

"ஏன், எங்க கைக் கொழுந்து கசக்குதோ?"

"நீங்க போட்டா, என் நெஞ்சு எவ்வளவு தாங்குதுன்னு எனக்கே தெரியாதுக்கா."

அக்கா கைக் கொழுந்தைத் தன் கூடையிலேயே போட்டுக்கொண்டார்.

அவர்கள் நிரை முடித்து மேல்மலைக்கு ஏறினார்கள். கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு பனிமூட்டம் இறங்கி அதுவும் இல்லை. கூப்பிட்டால் யாராவது வந்திருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. நிரையில் நிழலுக்கு நட்டிருந்த முதல் சவுக்கு மரத்தைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கியது. செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது அடங்கும்வரை.