அமாவாசை அன்று செஞ்சியில் ஒரு கொரியன் சூப்

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், வெயிலைத் திட்டுவார்கள், பிறகு திருவண்ணாமலைக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். இது எனக்கு நெடுநாள் வருத்தம். "உங்க ஊர்ல சாப்பிட என்ன ஸ்பெஷல்?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இனி மாற்ற வேண்டியதில்லை. செஞ்சியில் ஒரு கொரியன் உணவகம் இருக்கிறது. மொத்தம் நான்கு மேசை, இரண்டே வகை சூப். நடத்துகிறவள் என்னோடு பத்தாவது வரை படித்த சுமதி. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

சுமதி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய இன்ஜினியர்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஆறு வருடம் சமையல் வேலை பார்த்தாள். அங்கே சமையலுக்குத் தலைமையாக இருந்த கொரிய அம்மாள்தான் இவளுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர். அந்த அம்மாள் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனதும் இவளும் செஞ்சிக்கு வந்து, கணவர் ஏழுமலையோடு திண்டிவனம் சாலையில் கடை போட்டாள். இரண்டு வருடம் ஆகிறது.

போன மாதம் போன் செய்தாள். நானும் ஒரகடத்தில் ஒரு கொரிய நிறுவனத்தில்தான் வேலை செய்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஊர்ல இன்னா பேசறானுங்க தெரியுமாடி? கொரியாக்காரன் ஒருத்தன் கூட வராத கொரியா கடையாம். அவனுங்க கெடக்கறானுங்க. எனக்கே இப்ப டவுட்டா இருக்குது. அந்தம்மா கை ருசி என் நாக்குல இருக்குதா, இல்ல நானா எதயோ போட்டு கிண்டினு இருக்கேனான்னு தெரியல. உங்க ஆபீஸ் ஆளு ஒருத்தர இட்டுனு வா. இது எங்க ஊரு சூப்பு இல்லன்னு அவரு சொல்லிட்டா, போர்ட கழட்டிட்டு பரோட்டா போட்டுட்றேன். பொய் சொல்லி வித்துனு இருக்க முடியாது."

ஏழுமலை ஏற்கனவே பரோட்டாக் கல் வாங்கி, கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை!

என் பிரிவின் கொரிய மேலாளர் பார்க்கிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் வாயில் பொய் வராது. அறிக்கை சரியில்லை என்றால் சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். அதனால்தான் அவரைக் கூப்பிட்டேன். அதனால்தான் பயமாகவும் இருந்தது. கோட்டையும் உண்டு என்றதும் உடனே சம்மதித்தார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினோம். செஞ்சி அங்கிருந்து ஏறக்குறைய 125 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். திண்டிவனம் வரை சுகமான பயணம். திண்டிவனத்தில் ஒரு கூட்டம் ஏறியது பாருங்கள், பார்க்கின் மடியில் யாரோ ஒரு குழந்தையையும் எலுமிச்சம்பழ மாலைப் பையையும் வைத்துவிட்டார்கள். அவர் இரண்டையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இவ்ளோ கூட்டம்?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"இன்னிக்கு அமாவாசைம்மா. மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் உட்டும் பத்தல. காலண்டர் பாக்கறதில்லியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் கூட்டம் சேருகிற நாள் தெரியாமல் செஞ்சிக்குக் கிளம்பிய செஞ்சிக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கூட்டம்கூடப் பரவாயில்லை. அமாவாசை அன்று சுமதி அடுப்பில் கோழியும் ஏறாது, கருவாடும் ஏறாது. அவளுடைய பேர்போன முழுக்கோழி சூப்புக்காகத்தானே இந்த மனிதரைக் கூட்டிவருகிறேன்!

கூட்டத்தால் ஒரு மணி நேரம் தாமதமாக, ஒன்பதரைக்கு இறங்கினோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நுழைவுக் கட்டணம் எனக்கு 25, வெளிநாட்டவர் என்பதால் பார்க்குக்கு 300. ராஜகிரி மலை ஏறினோம். பாதி வழியில் ஒரு குரங்கு அவருடைய குளிர்பானப் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்து, எங்கள் எதிரிலேயே குடித்தது. உச்சிக்கு முன்னால் ஒரு பாறைப் பிளவின் மேல் இருக்கும் சின்னப் பாலத்தில் நின்று, பார்க் கீழே எட்டிப் பார்த்தார். கோட்டை அமைந்த மூன்று மலையையும் சுற்றி ஓடும் மதிலைக் காட்டினேன். "இங்கே ஒரு படை எப்படி மேலே வரும்?" என்றார். "சுலபத்தில் வராது" என்றேன், நானே கட்டியது போல. ஊர்ப் பெருமை பேசக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா?

கீழே வரும்போது பன்னிரண்டரை. நேராகக் கடைக்குப் போனோம். சுமதி பார்க்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"அறிவு இருக்குதாடி உனக்கு? வேற நாளே கெடைக்கலியா?"

ஏழுமலை மெதுவாக, "வெளியூரு ஆளு தான, ஒரு கோழிய போட்டுடேன்" என்றார்.

"அமாவாசையில அடுப்புல கவுச்சி ஏத்தறதா? வேற பேச்சு இருந்தா பேசு."

மிச்சம் இருந்தது சோயா சூப் ஒன்றுதான். புளிக்கவைத்த சோயா விழுதைச் சென்னையிலிருந்து வரவழைக்கிறாள். மற்ற நாட்களில் நெத்திலிக் கருவாட்டைத் தலையும் குடலும் கிள்ளி, இரண்டு முறை உப்புப் போகக் கழுவி, கொதிக்கவைத்த தண்ணீரில் அந்த விழுதைக் கரைப்பாள். அன்றைக்குக் கருவாடும் இல்லை. அப்புறம் சூப்பில் என்னதான் இருக்கும் என்று கேட்டேன்.

"அரிசி களுவன தண்ணி. மொத தண்ணிய கீழ ஊத்திட்டு ரெண்டாவது தண்ணி."

"கழனித் தண்ணியா? மாட்டுக்கு வெக்கறதுடி அது!"

"கத்தாத. கருவாடு இல்லாத அன்னிக்கு அந்தம்மா இப்டித்தான் வெப்பாங்க."

என் மேலாளருக்குக் கழனித் தண்ணீரில் விருந்து! திங்கட்கிழமை அலுவலகத்தில் என் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன்.

சூப் கொதிக்கக் கொதிக்க வந்தது. சுரைக்காய், முள்ளங்கி, காளான், கீறின பச்சைமிளகாய். பக்கத்தில் சோறு, ஒரு கிண்ணத்தில் கிம்ச்சி என்கிற புளித்த முட்டைக்கோஸ் ஊறுகாய். பார்க் ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி. சமையலறை வாசலில் சுமதி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இது என்ன தண்ணீர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மென்று விழுங்கி, உண்மையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எங்கள் வீட்டில் அப்படித்தான். ஓட்டல்களில் யாரும் இந்த வேலை பார்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டு, சோறு முழுவதையும் சூப்புக்குள் கவிழ்த்து, குனிந்தவர் நிமிரவில்லை. நெற்றியிலும் மூக்கிலும் வேர்வை வழிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணும்தான் கலங்கியது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

ஆனால் மனிதர் பார்க் ஆயிற்றே. கிம்ச்சியை எடுத்துக் கடித்தவர், "இது நன்றாக இருக்கிறது. ஆனால் கிம்ச்சி இல்லை" என்றார். சுமதியைப் போலக் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் அது எப்படிக் கிம்ச்சி ஆகும்?

"தாளிக்காம வெச்சா எங்க ஊர்ல ஒருத்தன் தொடமாட்டான்னு சொல்லு" என்றாள் சுமதி. கொஞ்சம் முகம் வாடியது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டாள். "அது போவட்டும். சூப்பு? அவுங்க ஊரு சூப்புதானான்னு கேளு. மழுப்பாம சொல்லச் சொல்லு."

நான் கேட்க வாயெடுத்த நேரம் ஒரு பெண் தூக்குச் சட்டியோடு உள்ளே வந்தாள்.

"அக்கா, ஜுர சூப்பு ஒரு தூக்கு குடு. பையனுக்கு நேத்துலேர்ந்து அனலா கொதிக்குது." அப்போதுதான் வேர்த்து விறுவிறுத்துச் சிவந்துபோயிருந்த பார்க்கைப் பார்த்தாள். "ஐய, பாவம். இவருக்கும் ஜுரமா? எந்த ஊரு?"

"கொரியா" என்றாள் சுமதி.

"அம்மாந் தூரத்துலேர்ந்தா வந்துகிறாரு? ஏன்க்கா, அவுங்க ஊர்ல இந்த சூப்பு கெடைக்காதா?"

நான் பார்க்கிடம் மொழிபெயர்த்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மனிதர் சிரித்த சிரிப்பை அலுவலகத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதே சூப் எங்கள் ஊரிலும் கிடைக்கும். ஆனால் இவ்வளவு நன்றாக எல்லா இடத்திலும் கிடைக்காது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன்.

"அதான பாத்தேன்" என்று அந்தப் பெண் தூக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சுமதி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழுமலையைப் பார்த்து, "அந்தக் கல்ல எடுத்துனு போயி உங்க அக்கா ஊட்ல போட்டுட்டு வா" என்றாள். அவர் கல்லைத் தூக்கப் பின்பக்கம் போனார்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். ஒரு கொரியாக்காரர் வந்து சொல்ல வேண்டும் என்று சுமதி காத்திருந்தாள். அதற்குள் இந்த ஊர் அந்தச் சூப்பைத் தன் சொந்தச் சரக்காகவே ஆக்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஓடிப்போய் வாங்கும் அளவுக்கு நம்பிவிட்டது. இதற்கு மேல் ஒரு சான்றிதழ் எந்த நாட்டிலிருந்து வரவேண்டும்? என் ஊரைப் பற்றி இத்தனை பெருமையாக நான் உணர்ந்ததே இல்லை.

போகிறவர்களுக்கு: காலை எட்டு, ஒன்பதுக்குள் கோட்டை ஏறிவிடுங்கள், ராஜகிரி உச்சிக்குப் பிற்பகலில் விடமாட்டார்கள். சொந்த வண்டி என்றால் விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டுக் குடைவரையையும் சேர்த்துக்கொள்ளலாம். கடை பதினொன்றிலிருந்து மாலை ஏழு வரை, செவ்வாய் விடுமுறை. முழுக்கோழி சூப் 220, சோயா சூப் சோற்றோடு 90. கோழிதான் வேண்டும் என்றால் தயவுசெய்து காலண்டரைப் பாருங்கள். வழி கேட்கும்போது மட்டும் கொரியன் உணவகம் என்று கேட்காதீர்கள், ஆட்டோக்காரர் விழிப்பார். ஜுர சூப்புக் கடை என்று சொல்லுங்கள். "ஊட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று விசாரித்துக்கொண்டே கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார்.