தொடாமல் கற்றுக்கொடுத்த ஜமீலா அக்கா

செய்தி நம் கிளப்பின் போன் குழுவில்தான் வந்தது. வேதவல்லி அம்மாவின் குரல் பதிவு. "ஜமீலாம்மா போயிட்டாங்கம்மா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..." பின்னணியில் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

நான் உடனே நம்பவில்லை. துக்கத்தால் அல்ல, பழக்கத்தால். எந்தச் செய்தி வந்தாலும் "யாரு சொன்னது? அவங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்கச் சொல்லிப் பழக்கியவர் ஜமீலா அக்கா. அவர் கண்டிப்பு காட்டுவதற்கு முன்னால் நம் குழு எத்தனையோ நடிகர்களைக் காலையில் கொன்று மாலையில் எழுப்பியிருக்கிறது. ஆகவே "யார் சொன்னது?" என்று தட்டினேன். அனுப்பிய பிறகுதான் மேலே பார்த்தேன். எனக்கு முன்பே பலர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். இரங்கல் பூ, விளக்குப் படம் எதையும் ஒருவரும் அனுப்பவில்லை. எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "நஸ்ரின்" என்று வேதவல்லி அம்மா ஒரே சொல்லில் எழுதினார். நஸ்ரின், ஜமீலா அக்காவின் மகள். அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை.

நம் சனிக்கிழமைக் கம்ப்யூட்டர் கிளப்பில் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும், இதைப் படிக்க நேரும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். ஜமீலா அக்கா, தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். விண்ணப்பங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு, ஊர் அவர் கடைக்கு வந்தது. சாதிச் சான்று, பட்டா, கல்லூரிச் சேர்க்கை, ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஜனங்கள் போனை நீட்டிவிட்டு, பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டு, "நீங்களே பாத்து போட்டுடுங்கம்மா" என்று ஓரமாக நின்றுகொள்வார்கள். கிளப்பை ஏன் ஆரம்பித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "இந்த ஊர்ல பாதிப் பேரோட பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம். நான் நல்லவதான். ஆனா அது எவ்வளவு நாளைக்குன்னு அவங்க யோசிக்கணும் இல்ல?" என்றார். கடையின் மாடி அறையில் நாற்காலிகளைப் போட்டார். ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்தார். தன் வாடிக்கையாளர்களைத் தன்னிடமிருந்தே விடுவிக்கும் வேலையைத் தொடங்கினார்.

நான் அங்கே போனது கற்றுக்கொள்ள அல்ல. ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் நான். எதற்கோ பிரதி எடுக்க நின்றிருந்தபோது, "புரொபசரம்மா, மேல பத்து பேர் உக்காந்துக்கினு இருக்காங்க. ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நான் சொன்னா கேக்கறதில்ல. நீங்க வந்து இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த மிரட்டிட்டுப் போங்க" என்றார். இத்தகைய ஏற்பாடுகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நல்லெண்ணத்தில் தொடங்கும் கிளப்புகள் பெரும்பாலும் மழைக்காலம் வருவதற்குள் கலைந்துவிடும். ஒரே ஒரு சனிக்கிழமை என்று நினைத்துப் படி ஏறினேன்.

அன்று அவர் பாடம் நடத்திய விதம் எனக்கு விசித்திரமாக இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்கு வரிசை நடந்தார். யாருடைய போனையும் தொடவில்லை. ஏகாம்பரம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், போனைத் தூக்கி நீட்டினார்.

"இந்தாம்மா, எனக்கு வரல. நீயே பண்ணிக் குடுத்துடு."

"கண்டக்டரே, உங்க பஸ்ல பிரயாணி வந்து விசில் ஊத விட்டீங்களா?"

"அது எப்டி விடறது?"

"அப்ப இது உங்க விசிலு. நீங்களே ஊதுங்க."

அதுதான் அவருடைய விதி. சொல்லலாம், திரும்பச் சொல்லலாம், கோபித்துக்கொள்ளலாம். அடுத்தவர் போனில் விரல் படக் கூடாது. இன்னொன்றும் உண்டு. எந்தப் பொத்தானையும் அழுத்துவதற்கு முன்னால் அதில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். எல்லார் போனையும் தமிழுக்கு மாற்ற வைத்திருந்தார். அந்த மாடியில் எப்போதும் ஒன்றாம் வகுப்பு போல ஓசை கேட்கும்.

அவருக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய இருந்தன. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் குறைவு. இரவு முழுவதும் சார்ஜ் போட்டால் போன் கெட்டுப் போகும் என்று அவர் சொன்னதற்கும், பழைய போன்களுக்கு அது பொருந்தியிருக்கலாம் என்று நான் சொன்னதற்கும் இடையில் ஒரு மாதம் சண்டை நடந்தது. நேரத்துக்கு வந்ததே இல்லை. தென்னேரி ஏரிக்குப் படம் எடுக்கக் கூட்டிப்போனார், நினைவிருக்கிறதா? அவர் தாமதமாக வந்ததால் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. எடுத்த படங்களில் யார் முகமும் தெரியவில்லை. "எல்லாரும் நெழலா இருக்கீங்க, அதுவும் ஒரு அழகுதான்" என்று சமாளித்தார். அன்றைக்கு அவர் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. "மொதல்ல கண்ணால பாருங்க. கண்ணுக்குப் பிடிச்சா, அப்புறம் போன எடுங்க."

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததே ஒரு சனிக்கிழமையைச் சொல்வதற்காகத்தான்.

வேதவல்லி அம்மாவின் கணவர் தவறிப்போய் ஓராண்டு ஆகியிருந்தது. அவர் வைத்திருந்த போன்தான் இவர் கைக்கு வந்தது. அன்று வகுப்பு தொடங்கும் முன்பே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை. ஜமீலா அக்கா என்னவென்று கேட்டார்.

"போன்ல எடம் இல்ல, எடம் இல்லன்னு வந்துக்கினே இருந்தது. அதான் கொஞ்சத்த எடுத்துப் போட்டேன். இப்ப பாத்தா அவரு பேசற வீடியோவும் இல்ல."

"எதையெல்லாம் போட்டீங்க?"

"நம்ம வீட்டுப் படத்தத்தான்."

அவர் போனில் காலை வணக்கத்தோடு வந்த வரதர், காமாட்சி, ஏகாம்பரேஸ்வரர் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஊரில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் தினமும் அனுப்புகிறவை. அவற்றை அழித்திருந்தால் பாதிப் போன் காலியாகியிருக்கும். நான் அதைத்தான் சொன்னேன். வேதவல்லி அம்மா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது.

"அங்க குப்பத் தொட்டி படம் போட்டிருக்குதே, நீங்க பாக்கலியா? சாமிய எப்படிமா அதுல போடறது?"

சாமியைக் குப்பையில் போட மனம் வராமல், கணவரைப் போட்டிருக்கிறார். சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தங்கள் போனைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

அழித்தவை உடனே போய்விடுவதில்லை. அந்தத் தொட்டிக்குள் சில வாரம் இருந்துவிட்டுத்தான் போகும் என்று விளக்கினேன். எப்போது அழித்தீர்கள் என்று கேட்டேன். "ஆடிப் பூரத்துக்கு மொத நாளு" என்றார். அறையில் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். கெடு முடியும் தறுவாயில் இருந்தது. அன்று இருக்கலாம், மறுநாள் இல்லாமல் போகலாம்.

நான் கையை நீட்டினேன். சில நொடியில் முடிகிற வேலை.

"கை" என்றார் ஜமீலா அக்கா.

"அக்கா, இது வெளையாட்டு இல்ல. ஒரு தடவ தப்பா அழுத்தினா அவ்வளவுதான். திரும்ப வராது."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். அவங்க போனு, அவங்க ஆளு. அவங்களே எடுக்கட்டும்."

"தப்பாயிட்டா?"

"நீங்க எடுத்துக் குடுத்தா இன்னைக்குச் சரியாயிடும். நாளைக்கும் இந்த அம்மா அந்தப் போனப் பாத்து பயந்துக்கினேதான் இருப்பாங்க."

அது கொடுமை என்று எனக்குத் தோன்றியது. இன்றும் முழுவதும் சரி என்று சொல்ல மாட்டேன். வேதவல்லி அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

தொட்டியைத் திறந்தார். சின்னச் சின்னச் சதுரங்களாகப் படங்கள் விரிந்தன. பேத்தியின் காதுகுத்து. வாலாஜாபாத்தில் தம்பி கட்டிய வீடு. அதற்குக் கீழே, சமையலறையில் ஓர் ஆளின் முதுகு. "அதான்" என்றார். அதன்மேல் விரலை வைத்து அழுத்தினார். திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள் வந்தன. அவர் விரல் வலது பக்கப் பொத்தானை நோக்கிப் போனது. அது தவறான பொத்தான். என் கை தானாக எழுந்தது. ஜமீலா அக்கா தன் கையைப் பின்னால் இன்னும் இறுக்கிக்கொண்டு, சாதாரணக் குரலில், "படிங்க" என்றார்.

"நி... ரந்... தர... மாக..." வேதவல்லி அம்மா நிறுத்தினார். விரலை எடுத்துவிட்டார். "இது இல்ல" என்றார், யாரிடமும் கேட்காமல். இடப்பக்கம் வந்தார். "மீட்... டெடு." எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அழுத்தினார்.

அந்த மனிதரின் குரல் அறையில் ஒலித்தது. "வேதா, சர்க்கர எங்க வெச்ச? இந்த டப்பாலயும் இல்ல, அந்த டப்பாலயும் இல்ல. ஏய், எதுக்கு இதப் புடிக்கற? கீழ வை அத." அவ்வளவுதான். ஏகாம்பரம்தான் கேட்டார்.

"கடைசில சர்க்கர கெடைச்சுதாம்மா?"

"எங்க கெடைக்கும்? அவருக்குத்தான் சுகராச்சே. நான்தான் ஒளிச்சு வெச்சிருந்தேன்."

மாடியே சிரித்தது. வேதவல்லி அம்மா அழுதுகொண்டே சிரித்தார். எல்லாம் திரும்பவில்லை. மகளின் கல்யாணப் படங்களை அதற்கும் முன்பே அவர் அழித்திருந்தார், அவை போனது போனதுதான். அதை ஜமீலா அக்கா மறைக்காமல் சொன்னார்.

சாமி படங்கள் மீதம் இருந்தன. "வீட்ல பழைய சாமி படம், கண்ணாடி ஒடஞ்சது இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று அக்கா எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "கோயில் மரத்தடில வெச்சுட்டு வந்துடுவோம்" என்றார்கள். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு கோப்புறையைத் திறந்து 'மரத்தடி' என்று பெயர் வைத்தார். ஒவ்வொருவராக வந்து, தங்கள் கையால், தங்கள் போனிலிருந்த தெய்வங்களை அதற்குள் இறக்கி வைத்தார்கள். மரத்தடியில் வைத்தாயிற்று, இனிப் போனில் இருப்பதை எடுத்தால் குற்றமில்லை. அன்றோடு அந்த மாடியில் இடமில்லாத போன் என்று ஒன்று இல்லாமல் போனது. இறங்கி வரும்போது, "இதெல்லாம் நீங்க நம்பறீங்களா?" என்று கேட்டேன். "நான் எதுக்கு நம்பணும்? அவங்க நம்பறாங்க. எங்க வீட்லயும் குர்ஆன் ஏடு கிழிஞ்சா குப்பைல போட மாட்டோம், புரொபசரே" என்றார்.

அதே நாளில்தான் நம் ஜோடி ஏற்பாடும் பிறந்தது. "ஒரே எடத்துல இருக்கறது இருக்கறதா ஆகாது. இன்னொருத்தர் வீட்லயும் ஒண்ணு இருக்கணும்" என்றார். ஒவ்வொருவரும் தங்களுக்கு முக்கியமான சில படங்களை இன்னொருவர் போனில் கொடுத்து வைக்க வேண்டும். வாங்கியவர் அதைக் காக்க வேண்டும், பிறருக்கு அனுப்பக் கூடாது. எனக்கு இது பிடிக்கவில்லை. நான் யாருடைய வீட்டு விஷயத்துக்குள்ளும் போகாதவள், யாரையும் என் விஷயத்துக்குள் விடாதவள். அக்கா நேராக என்னைக் காட்டினார். "வேதவல்லிம்மா, நீங்க இவங்களுக்கு அனுப்புங்க. இவங்க போனு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி காலியா, சுத்தமா இருக்கும்." எல்லாரும் மீண்டும் சிரித்தார்கள். என் போனில் ஒலி எழுந்தது. வேதவல்லி அம்மா தன் கையால் முதன்முதலாக அனுப்பிய வீடியோ அது.

இத்தனை ஆண்டுகளில் ஜமீலா அக்கா என் வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஏன் தனியாக இருக்கிறீர்கள், யார் இருக்கிறார்கள், எதுவும் இல்லை. ஆனால் நான் வராத சனிக்கிழமைகளில் என் நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டார் என்று நஸ்ரின் இப்போது சொல்லித்தான் தெரியும். அவர் வீட்டில், உடலை எடுப்பதற்கு முன், நம் கிளப் பெண்கள் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் கையிலும் போன் இல்லை. நஸ்ரின் என்னருகே வந்து, சனிக்கிழமை மாடியைத் திறப்பீர்களா என்று கேட்டார். திறப்பேன் என்றேன். நான் இப்படி யோசிக்காமல் பதில் சொல்வது அபூர்வம்.

அவரிடமிருந்து எனக்கு எது மிஞ்சியிருக்கிறது என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். பொறுமை என்று சொன்னால் பொய்யாகிவிடும். அது எனக்கு இன்னும் வரவில்லை. இந்த வாரம் என் பழைய போன் மூச்சை நிறுத்தும் நிலைக்கு வந்ததால் புதிதாக ஒன்று வாங்கப் போனேன். பழையதிலிருந்து எதையெல்லாம் மாற்ற வேண்டும், மொத்தமாக நானே போட்டுவிடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். முதலில் அந்த வீடியோவைத்தான் மாற்றினேன். சரியாக வந்திருக்கிறதா என்று புதுப் போனில் அங்கேயே போட்டுப் பார்த்தேன். நான் நேரில் பார்த்தே இராத அந்த மனிதர் டப்பா டப்பாவாகத் திறந்து சர்க்கரை தேடினார்.

"உங்க அப்பாவா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க," என்றேன். "என் பொறுப்புல இருக்கறவர்."